ஐந்தாம் மாடியில் ஒரு ஓட்டு

வசந்த காலத்தில் என் கணவனின் ஓட்டுரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். என்னுடையதை இலையுதிர் காலம் வரைக்கும் விட்டுவைத்தார்கள். ஒரே வீடு, ஒரே படுக்கை, ஒரே சாப்பாட்டு மேஜை. ஆனால் அர்காஷாவிடம் இருப்பது சிவப்பு ரஷ்ய பாஸ்போர்ட். என்னிடம் இருப்பது நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை என்று சொல்லும் சாம்பல் நிற பாஸ்போர்ட். உள்ளூர்த் தேர்தலில் சிவப்புக்கு இனி இடமில்லை, சாம்பலுக்கு இந்த அக்டோபரோடு சரி என்று எஸ்தோனியத் தலைநகர் தல்லினில் அரசியல் சாசனத்தையே திருத்திவிட்டார்கள். பக்கத்தில் போர் நடக்கிறது, எதிரி நாட்டுக் குடிமக்கள் நம் நகராட்சியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று தொலைக்காட்சியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது, நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். திரும்பிப் பார்த்தால், அந்த எதிரி நாட்டுக் குடிமகன் எனக்காக உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தான்.

அவன் அந்தச் சிவப்பை வாங்கியது தேசபக்தியால் அல்ல. மாமியாரின் கல்லறை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவின் இவாங்கொரொதில் இருக்கிறது. எஸ்தோனியா தனி நாடானதும் பாலத்தைத் தாண்ட விசா வேண்டும் என்று ஆகிவிட்டது. ஈஸ்டர் முடிந்ததும் அம்மாவின் கல்லறையில் ஒரு முட்டையும் ரொட்டியும் வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "வெறும் காகிதம்தானே ரிம்மா, அதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பல வருஷம் கழித்து, சாம்பல்காரர்களும் விசா இல்லாமல் வரலாம் என்று அந்தப் பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். நான் சிரித்த சிரிப்பில் அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் மட்டும் என்ன பெரிய கெட்டிக்காரி? எஸ்தோனியக் குடியுரிமைக்கான மொழித் தேர்வுக்கு ஒரு தடவை போனேன். பேசுவதில் தேறிவிட்டேன், எழுதுவதில் கோட்டைவிட்டேன். மறுபடி போக வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே பாதி ஆயுசு போய்விட்டது.

ஆக, எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு ஓட்டு. அதுவும் கடைசி ஓட்டு. அந்தத் தேர்தலில்தானா எங்கள் வீட்டின் தலையெழுத்தே வந்து நிற்க வேண்டும்?

எங்களுடையது சுரங்க ஊர். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, ஜனங்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் படிக்கட்டில் பாதிக்கு மேல் கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆள் இல்லாத வீடுகளையும் சேர்த்துக் குளிருக்குச் சுடுதண்ணீர்க் குழாயால் சூடாக்குவது நகராட்சிக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஊரோரத்தில் எங்களுடையதையும் சேர்த்து மூன்று கட்டடங்களைக் காலிசெய்து இடித்துவிடலாம், இருப்பவர்களை ஊர் நடுவில் லிஃப்ட் வைத்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ரோஸ்திஸ்லாவ் என்கிற இளைஞனின் அணி இடிக்கலாம் என்றது. இனெஸ்ஸா பாவ்லொவ்னாவின் அணி ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடமாட்டோம் என்றது.

எனக்கு லிஃப்ட் வேண்டும். ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். என் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. ஐந்தாம் மாடியிலிருந்து இறங்குவது என்பது எனக்கு ஒரு நாள் வேலை, ஏறுவது இன்னொரு நாள் வேலை. குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறேன்.

அர்காஷாவுக்கு அவனுடைய ஷெட் வேண்டும். கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் தகரக் கதவு போட்ட கார் ஷெட்டுகளில் ஒன்று. காரை விற்றுப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் கீழே அவன் கையால் தோண்டிய நிலவறை இருக்கிறது. அதில் எங்கள் வெள்ளரிக்காய் ஊறுகாய், உருளைக்கிழங்கு, ஜாம் பாட்டில்கள். மேலே ஒரு பழைய சோபா, ஒரு ரேடியோ, எல்லா வீட்டிலும் கெட்டுப்போன மின்விசிறிகளும். சுரங்கத்தில் ஒன்றாக வேலை பார்த்த கிழவர்கள் அங்கேதான் கூடுவார்கள். இப்போது கூடுவதற்கும் ஆள் குறைந்துவிட்டது. கட்டடம் போனால் ஷெட்டும் போகும். ஷெட் போனால் அவன் பகலெல்லாம் எங்கே உட்காருவான் என்று எனக்கும் தெரியாது.

செப்டம்பரில் இனெஸ்ஸா பாவ்லொவ்னா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருவர் இப்படி ஏறி வருவார்கள். அவர்களோடு பேசுவது எப்போதும் அர்காஷாதான். குழாய் ஒழுகுவது, பேருந்து நிற்காதது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவிட்டு அவர்களைத் திணறடிப்பான். அன்றைக்கும் சட்டையை மாற்றிக்கொண்டு மேஜையின் தலைப்பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இந்த வீட்டுல ஓட்டு யாருக்கு இருக்கு?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவளுக்கு," என்றான் அர்காஷா.

அவ்வளவுதான். அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். இனி ஏற வேண்டிய மாடிகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எல்லாம் என்னோடுதான்.

"ரிம்மா செமியொனொவ்னா, நீங்க பாடுபட்டு வாங்கின வீடு. இதை விட்டுட்டுப் போகச் சொல்றதுக்கு அவங்க யாரு?"

"எனக்கு இடுப்பு வலிக்குதுங்க," என்றேன்.

"அதுக்கு டாக்டர்கிட்டதானே போகணும்? வீட்டை இடிச்சா இடுப்பு சரியாயிடுமா?"

"டாக்டர்கிட்ட போகணும்னாலும் முதல்ல கீழ எறங்கணும் இல்லையா?"

அர்காஷா நடுவில் வாயைத் திறந்தான். "அந்த ஷெட்டுங்க விஷயமா நகராட்சியில..." என்று ஆரம்பித்தான். அவள் அவன் பக்கம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, "கண்டிப்பா, கண்டிப்பா," என்று சொல்லி, ஒரு நாள்காட்டியை என் கையில் கொடுத்தாள். அவன் எழுந்து போய்த் தேநீர் போட்டான். கோப்பைகளை எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வைத்துவிட்டுச் சமையலறையிலேயே நின்றுகொண்டான். ஓட்டல் பையனைப் போல நின்ற அவனைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வாய் ஓயாத மனுஷன் அவன்.

அடுத்த நாளிலிருந்து அவன் பிரசாரத்தைத் தொடங்கினான். காலையில் பீட்ரூட் சூப், மாலையில் என் காலுக்குத் தைலம். கடையிலிருந்து தேன் கேக் வேறு வந்தது.

"என்ன விசேஷம்?" என்றேன்.

"ஒண்ணும் இல்லை. வாக்காளருக்கு மரியாதை."

"லஞ்சம்னு சொல்லு. போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. அஞ்சாவது மாடிக்கு ஏறி வர்ற போலீஸ்காரனை நானும் பாக்கணும்."

சிரித்தோம். கேக்கை முழுசாகச் சாப்பிட்டேன். பிறகு அவன் கைகளைத் துடைத்துக்கொண்டே, "நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஓட்டுதான் இருக்கு. சேர்ந்து முடிவு பண்ணலாம் இல்ல?" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நமக்கு ரெண்டு ஓட்டு இருந்தப்ப சேர்ந்தா முடிவு பண்ணினோம்? வாசல்ல நிறுத்தி வேட்பாளர் எண்ணைச் சொல்லுவே, நான் போய் எழுதிட்டு வருவேன். அப்ப ரெண்டும் உன்னோடது. இப்ப ஒண்ணு இருக்கு, அதுலயும் உனக்குப் பாதியா?"

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. செய்தித்தாளைப் படிப்பவன் அவன், எந்த வேட்பாளர் யார் என்று தெரிந்தவன் அவன். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. பல வருஷம் அவன் எண்ணைத்தான் எழுதினேன், ஒரு தடவைகூடக் கேள்வி கேட்டதில்லை. இப்போதுதான் முதல்முறையாக எனக்கு என்று ஒன்று வேண்டியிருந்தது. அது அவனுக்கு வேண்டியதற்கு நேர் எதிராக இருந்தால் நான் என்ன செய்வேன்? அவன் ஷெட்டுக்குப் போய்விட்டான். தைலம் தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை. பேசாமல் வந்து, தேய்த்துவிட்டுப் போவான். பேசியிருந்தால்கூடத் தேவலாம்.

வாக்குப்பதிவு வாரம் வந்தது. எங்கள் நாட்டில் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரிலும் ஓட்டுப் போடலாம். அடையாள அட்டையைச் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் போதும். கம்ப்யூட்டர் எல்லாம் அவன் இலாகா. மின்கட்டணம் கட்டுவதிலிருந்து மருந்துச் சீட்டு பார்ப்பது வரை அவன்தான். இரண்டு பேருடைய ரகசிய எண்களையும் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். மறதிக்காரர்கள் வீட்டில் ரகசியத்துக்கு வேறு எங்கே இடம்?

வெள்ளிக்கிழமை அவன் ஷெட்டில் இருந்தபோது நானே உட்கார்ந்தேன். ஐந்து மாடி இறங்காமல் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அட்டையைச் செருகினேன், எண்ணைத் தட்டினேன். திரையில் வந்தது: நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள். மீண்டும் வாக்களித்தால் முந்தைய வாக்கு செல்லாததாகிவிடும்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து அந்தச் சீட்டைப் பார்த்தேன். பிறகு ஜன்னலைத் திறந்து, தெருவே கேட்கும்படி அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

அவன் மேலே வந்து திரையைப் பார்த்தான். மறுக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"திருடன்," என்றேன். "என் பர்ஸை எடுத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

"தப்புதான்."

"இனெஸ்ஸாவுக்குத்தானே?"

"வேற யாருக்கு?"

"உன் ஷெட்டுக்காக."

"ஷெட்டுக்காகத்தான் உக்காந்தேன்," என்றான். "ஆனா அந்தப் பட்டியல் வந்துச்சு பாரு ரிம்மா, பேர் பேரா, எண் எண்ணா. அதைப் பார்த்ததும் ஷெட்டெல்லாம் மறந்துபோச்சு. இன்னொரு தடவை அமுக்கிப் பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அமுக்கிட்டேன்."

எனக்கு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நீ இப்ப மாத்திப் போடலாம்," என்று அவனே சொன்னான். "எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம், கடைசியாப் போட்டதுதான் கணக்கு. ஞாயித்துக்கிழமை நேர்ல போய்க் காகிதத்துல எழுதினா, கம்ப்யூட்டர்ல போட்டது எல்லாமே ரத்து."

"அப்ப ஞாயித்துக்கிழமை போறேன். நீ மறுபடி தொட முடியாத இடத்துல போடறேன்."

"எப்படி எறங்குவே?"

"நீதான் எறக்கிவிடப் போறே," என்றேன்.

இறக்கிவிட்டான். ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் அவன் தோள். ஒவ்வொரு மாடியிலும் நின்றோம். மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு வாசலில் அவனே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு வைத்திருந்தான், அதில் என்னை உட்கார வைத்தான். தன் ஷெட்டுக்கு எதிராக ஓட்டுப் போடப் போகிறவளை ஒரு முட்டைக்கூடையைப் போல அவ்வளவு கவனமாக இறக்கினான். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வாக்குச்சாவடி கடைத்தொகுதிக்குள், இறைச்சிக் கடைக்கு எதிரே இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு எஸ்தோனியப் பெண் உட்கார்ந்திருந்தாள். இதமான முகம், உச்சரிப்பு தட்டினாலும் நல்ல ரஷ்ய மொழி. எங்கே போனாலும் எங்கள் இரண்டு பேருடைய அட்டைகளும் அர்காஷாவின் சட்டைப் பையில்தான் இருக்கும், இரண்டையும் சேர்த்தேதான் எடுத்து நீட்டுவான். அன்றைக்கும் அப்படியே நீட்டினான். பழக்கம்.

அவள் முதலில் அவனுடையதை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"உங்க பேர் பட்டியல்ல வரலைங்களே..."

"தெரியும்மா. தப்பா சேர்த்துக் கொடுத்துட்டேன். நான் இவளுக்குத் துணைக்கு வந்தேன்."

"மன்னிச்சுக்குங்க," என்றாள் அவள்.

"நீ என்னம்மா பண்ணுவே?" என்றான். அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள், அவன் அதை வாங்கிப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். யாரும் கடுமையாகப் பேசவில்லை. கடுமையாக யாராவது பேசியிருந்தால் அவர்களோடு நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு என் அட்டை. "நீங்க கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே போட்டிருக்கீங்க. இப்ப காகிதம் வாங்கினா அந்த ஓட்டு ரத்தாயிடும். பரவாயில்லையா?"

நான் அர்காஷாவைப் பார்த்தேன். அவன் இறைச்சிக் கடையின் விலைப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார்.

"குடும்மா அவளுக்குக் காகிதத்தை," என்றான் அவன், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறைவுக்குள் போய் நின்றேன். காகிதத்தில் ஒரே ஒரு எண்ணை எழுத வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. எழுதாமலே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அவன் ஆசைப்பட்டு அமுக்கிய ஓட்டு எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. திருட்டு ஓட்டுதான். ஆனாலும் அவன் வாழ்க்கையில் போட்ட கடைசி ஓட்டு. அதை அழிக்கிற ரப்பர் என் கையில் இருந்தது. விட்டுக்கொடுத்தால் என் கடைசி ஓட்டும் வழக்கம்போல அவன் சொன்ன எண்தான். என் இடுப்பு வலித்தது. மூன்றாம் மாடி ஸ்டூல் ஞாபகம் வந்தது, வரப்போகிற குளிர்காலம் ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே ரோஸ்திஸ்லாவின் எண்ணை எழுதினேன்.

வெளியே அவன் ஒரு இறைச்சிப் பன் வாங்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தான்.

"எண்ணைத் தெளிவா எழுதினியா? உன் கையெழுத்துல ஒண்ணும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும்."

"தெளிவாத்தான் எழுதினேன்."

"அப்ப சரி," என்றான்.

ரோஸ்திஸ்லாவும் ஜெயித்தான், இனெஸ்ஸாவும் ஜெயித்தாள். யாருக்கும் தனியாக ஆள்வதற்குத் தேவையான இடங்கள் கிடைக்கவில்லை. மேடைக்கு மேடை ஒருவரையொருவர் நாறடித்துக்கொண்டவர்கள் இரண்டே வாரத்தில் கூட்டணி சேர்ந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு பேரும் கைகுலுக்கும் படம் வந்தது. அர்காஷா அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "பாரு, உன் மாப்பிள்ளையும் என் பொண்ணும்," என்றான். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிவு வந்தது. மூன்று கட்டடங்களும் காலிசெய்யப்படும், ஷெட்டுகளோடு சேர்த்து இடிக்கப்படும். ஒன்பது மாடிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணமில்லை, அதனால் அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது. இருப்பவர்களுக்கு ஊருக்குள் எங்கெங்கே வீடு காலியாக இருக்கிறதோ அங்கே தரப்படும். எங்களுக்கு ஒதுக்கியது பழைய சந்தைக்குப் பக்கத்தில். ஐந்தாம் மாடி. லிஃப்ட் இல்லை.

ரோஸ்திஸ்லாவின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான், பொறுமையாகக் கேட்டான்.

"அவர் லிஃப்ட் தர்றேன்னு சொன்னாரே?" என்றேன்.

"கூட்டணின்னா கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் இல்லீங்களா?"

"யாரோடதை விட்டுக்கொடுத்தாங்க?"

"ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தாங்க," என்றான். மனு எழுதித் தரச் சொன்னான். தந்தோம். கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அர்காஷா இனெஸ்ஸாவைப் பார்க்கப் போனான். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்களாம். அடுத்த நாளும் கூட்டத்தில்தான் இருந்தாளாம்.

பனி உருகியதும் புது வீட்டைப் பார்க்கப் போனோம். அவன் என் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான், நான் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச மூச்சில்லை. வெறும் அறை. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு வாளியைக் கவிழ்த்து அவன் என்னை உட்கார வைத்தான். அவன் ஜன்னலண்டை நின்று கீழே பார்த்தான். கீழே வண்டிகள் நிறுத்தும் இடம் மட்டும்தான் இருந்தது. நிலவறை பாட்டில்களை எங்கே வைப்பது என்று சுவர்களை அளந்து பார்த்தான். ஒரு மூலையும் தோதாக இல்லை. என் கால் வலியில் துடித்துக்கொண்டிருந்தது, அவன் அதைப் பார்த்துவிட்டான்.

பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, என் முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தான்.

"விடு ரிம்மா," என்றான், ஆத்திரத்தோடு. "அடுத்த தேர்தல்ல இவங்களுக்குப் பாடம் கத்துக்கொடுப்போம்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. முழங்காலின் மேல் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா," என்றேன். "கத்துக்கொடுப்போம்."